கடை திறந்தபோது நாற்காலியில் யார் இருந்தார்கள்?

போன மாதம் பூலாம்பாடிப் பக்கம் ஒரு காலனியில் மாலை வகுப்புக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் கல்லூரித் தம்பி ஒருவர், வகுப்பு முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, டாஸ்மாக் கடை நம்ம பக்கம் வரக் கூடாதுன்னு தீர்மானம் போடணும். கிராம சபை எப்பக்கா கூடுது?"

"உங்க ஊர்ல கிராம சபையே கிடையாது தம்பி. இது பேரூராட்சி."

"அப்ப கவுன்சிலர்கிட்ட போலாமா?"

"போலாம். அவருக்கும் அதிகாரம் கிடையாது."

"பக்கத்துல ஊராட்சி இருக்கே, அங்க தலைவருக்கு?"

"அவருக்கும் இல்ல."

"அப்ப யாருக்குத்தான்கா இருக்கு?"

அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாதிப் பதிலோடு கிளம்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இதே கேள்வியோடு மனு எழுதிக்கொண்டிருக்கும் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர், குரும்பலூர், லெப்பைக்குடிக்காடு, பூலாம்பாடி என நான்கு பேரூராட்சிகள். கிராம சபை என்பது ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. மே 1, அக்டோபர் 2 என்று தேதி வைத்து ஊர் கூடுவதெல்லாம் அங்கேதான். ஆனால் கிராம சபை உள்ள ஊரிலும் மதுக்கடை எங்கே வர வேண்டும் என்று முடிவெடுப்பது ஊரின் கையில் இல்லை. 2003-ஆம் ஆண்டு மது சில்லறை விற்பனை விதிகளின்படி கடைக்கு உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். கல்வி நிலையம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது, குடியிருப்பு இல்லை. ஐம்பது வீடு உள்ள ஒரு காலனியில் பள்ளிக்கூடமும் இல்லை என்றால், அந்தக் காலனியைப் பொறுத்தவரை டேப் பிடித்து அளப்பதற்கே வேலை கிடையாது.

அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையைப் பாருங்கள். ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 பொருள்கள். 12-ஆவது அட்டவணையில் நகர அமைப்புகளுக்கு 18 பொருள்கள். ஆடு மாடு அறுக்கும் கூடத்தை ஒழுங்குபடுத்துவது அதில் உண்டு; சுடுகாடு உண்டு; தெருவிளக்கு உண்டு. மதுக்கடை எதிலும் இல்லை. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த முயற்சியில் ஊர் மன்றத்துக்கு ஒரு பங்கு உண்டென்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அதன் வரியும் மாநிலத்துக்கே. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பெரிய பெட்டியின் சாவியை ஒரு வார்டு உறுப்பினரிடம் யார் கொடுப்பார்கள்?

கொடுத்த நாடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 1913-இல் ஒரு சட்டம் போட்டு, 1920-இலிருந்து ஊர் ஊராக, வார்டு வார்டாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். கடை வேண்டாம் என்று வாக்களித்த சில ஊர்களில் பல பத்தாண்டுகள் கடையே இல்லை. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஒரு நகரம். 1905-இல் வாக்கெடுத்து மதுக்கடைகளை ஒழித்தார்கள். 1943-இல் இன்னொரு வாக்கெடுப்பில் கடை வரட்டும் என்றார்கள். ஆனால் தனியாரிடம் விடவில்லை. 1944-இல் மது விற்பனைக்கென்று ஓர் அறக்கட்டளையை அமைத்து, அதன் உறுப்பினர்களை ஊர் மக்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. லாபம் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் ஊர் வேலைகளுக்கும் போகிறது. அங்கே ஓர் உறுப்பினர் இடம் காலியானால் அது ஊருக்கு ஒரு செய்தி. நம்மிடம் காலியாக ஓர் இடமே இல்லை. ஏனென்றால் இடமே இல்லை.

நம் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. 1886-இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு ஆப்காரிச் சட்டம் போட்டான். கள்ளும் சாராயமும் வரி. வரி என்றால் ஏலம். ஏலம் என்றால் கலெக்டர். 1921-இல் இரட்டையாட்சி வந்தபோது கலால் துறை இந்திய அமைச்சர்களின் கைக்கு வந்தது. ஊரே முடிவெடுக்கட்டும் என்னும் 'லோக்கல் ஆப்ஷன்' பேச்சும் அப்போது இங்கே அடிபட்டது. ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கியதும், பெரியார் தாதம்பட்டியில் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்ததும் அதே காலம்.

ஆனால் 'ஊர்' என்று அன்றைக்குச் சொன்னபோது யாரைச் சொன்னார்கள்? உள்ளாட்சியில் வாக்கு என்பது வரி கட்டுபவனுக்கு. நிலமும் இல்லாமல் வீட்டுக்குப் பட்டாவும் இல்லாமல் கிடந்த சேரிக்கு வாக்கு எங்கே இருந்து வரும்? சட்டமன்றத்திலேயே நம் தலைவர்கள் நியமனத்தில்தான் உட்கார்ந்தார்கள். எம்.சி. ராஜாவும் அதன்பின் 1923-இல் ரெட்டைமலை சீனிவாசனும் அரசால் நியமிக்கப்பட்டவர்கள். நம்முடைய இடம் காலியாக இருந்தால் யாரைக் கொண்டு நிரப்புவது என்பதை நாம் தீர்மானிக்கவில்லை, கவர்னர் தீர்மானித்தார். 1932 பூனா ஒப்பந்தத்தைச் சட்டமன்றத் தொகுதிகளோடு நிறுத்திப் படிக்கிறோம். அதில் உள்ளாட்சி பற்றியும் ஒரு பிரிவு உண்டு. உள்ளாட்சித் தேர்தல்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்பதற்காகத் தகுதிக் குறைவு எதுவும் கூடாது, நியாயமான இடம் கிடைக்க எல்லா முயற்சியும் செய்யப்படும் என்கிறது. சட்டமன்றத்துக்கு எண்ணிக்கை கொடுத்தார்கள். உள்ளாட்சிக்கு 'முயற்சி' கொடுத்தார்கள். அந்த முயற்சி, தலைவர் நாற்காலி வரைக்கும் கட்டாய இடஒதுக்கீடாக மாற 1992-இன் 73, 74-ஆவது திருத்தங்கள் வரை அறுபது வருஷம் ஆனது.

ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும், போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். (விற்பனை வரி இன்று ஜிஎஸ்டி வரைக்கும் வளர்ந்துவிட்டது. மதுவிலக்குத்தான் நிற்கவில்லை.) 1948-இல் காந்தி பிறந்த நாளில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அப்போது பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சி மாவட்டம். அந்த இருபது வருஷ மதுவிலக்கைப் பொற்காலம் என்று பேசும் நண்பர்களிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எங்கள் தெருக் கிழவிகளிடம் கேட்டால் சாராயக் கேஸ், போலீஸ் அடி, மாதம் தவறாமல் கேஸ் கணக்குக்காக ஆள் பிடித்துப் போனது என்றுதான் சொல்வார்கள். காய்ச்சியவன் வேலியோரம், காய்ச்ச முதல் போட்டவன் மாடி வீட்டில். கேஸ் மட்டும் வேலியோரத்துக்கு. மதுவிலக்கையும் யாரோ மேலே இருந்து போட்டார்கள். மதுக்கடையையும் யாரோ மேலே இருந்து திறந்தார்கள். இரண்டுக்கும் நம்மைக் கேட்கவில்லை.

இனி என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். கடை வந்த தேதிகளையும் உள்ளாட்சித் தேர்தல் நடந்த தேதிகளையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன்.

1971 ஆகஸ்ட் 30: மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஊராட்சித் தேர்தல் நடந்திருந்தது. ஆக, நாற்காலியில் ஆள் இருந்தார். இதை மறைக்கக் கூடாது. பிறகு படிப்படியாகக் கடைகளை மூடி 1974-இல் மறுபடி மதுவிலக்கு. 1981 மே 1: எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் மறுபடி திறப்பு. அப்போது ஊராட்சியில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. 1970-க்குப் பிறகு அடுத்த ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-இல்தான். இடையில் தனி அலுவலர் ஆட்சி. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்குத் தொடங்கப்பட்டபோதும் அதே நிலை. சென்னை மாநகராட்சியில் கதை இன்னும் மோசம். 1973-இல் கலைக்கப்பட்ட மன்றம், 1996-இல்தான் மறுபடி தேர்தலைப் பார்த்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. அப்போது 2001-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருந்தன. ஆனால் மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் நமக்கு ஒதுக்கிய சில நாற்காலிகள் மட்டும் காலியாகவே கிடந்தன. அதற்குக் கீழே வருகிறேன்.

பிறகு 2017.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அக்டோபர் 24-ஆம் தேதியோடு பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. தமிழ்நாடு முழுக்க, மேயர் முதல் கடைசி ஊராட்சியின் வார்டு உறுப்பினர் வரை ஒரே நாளில் எல்லா நாற்காலியும் காலி. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டம் 243-ஈ, 243-யூ பிரிவுகளில் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்ததோடு சரி.

இரண்டு மாதம் கழித்து, 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. அந்த வழக்கில் மேல்முறையீட்டாளர் பெயரே தமிழ்நாடு அரசுதான். 2017 மார்ச் 31-இல் தீர்ப்பைத் திருத்தி, 20,000-க்குள் மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகளில் 220 மீட்டர் போதும் என்றது நீதிமன்றம். ஏப்ரல் 1 அன்று மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சாத்தப்பட்டன. சாத்திய கடைக்கு மாற்று இடம் வேண்டுமே? நெடுஞ்சாலையைவிட்டு விலகிய இடம் என்றால் எது? ஊருக்குள். ஊருக்குள் என்றால் எந்த ஊருக்குள்? கடைக்கு வாடகைக்கு இடம் கிடைக்கும் புறம்போக்கு ஓரம், வயலோரம், எதிர்த்துப் பேச ஆள் இல்லாத ஓரம். அந்த ஓரங்களில் குடியிருப்பவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 11-ஆம் தேதி திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி போராடிய பெண்ணைக் கன்னத்தில் அறைந்த வீடியோவை நீங்கள் பள்ளிக்கூட வயதில் பார்த்திருப்பீர்கள். அந்த அறையைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். சாமளாபுரம் ஒரு பேரூராட்சி என்பதை யாரும் எழுதவில்லை. அதாவது கிராம சபை கிடையாது, அந்த நாளில் மன்றமும் கிடையாது. அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததற்குக் காரணம், உட்கார்ந்து பேச வேறு இடம் ஊரில் எங்குமே இல்லை. மது ஒழிப்புப் போராளி சசிபெருமாள் 2015 ஜூலை 31-இல் உயிரைவிட்ட உண்ணாமலைக்கடையும் பேரூராட்சிதான். அதே வாரம் கலிங்கப்பட்டி மக்கள் கடைக்கு எதிராக நின்றபோது அவர்களிடம் ஊராட்சி இருந்தது, தலைவர் இருந்தார், கிராம சபைத் தீர்மானம் இருந்தது. தீர்மானம் இருந்தாலே கடை போய்விடும் என்று சொல்லவில்லை. கோர்ட்டுக்குக் கொண்டு போக ஒரு தாளாவது இருந்தது.

நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பர் கடைசியில் நடந்தது. பூலாம்பாடி போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ச் 2-இல்தான் பதவியேற்பு. கணக்குப் போடுங்கள்: ஐந்து வருஷம் நான்கு மாதம். ஒரு மன்றத்தின் முழு ஆயுளுக்கும் மேலே. கடைகள் இடம் மாறிய காலம் முழுக்க அந்த இடைவெளிக்குள் அடக்கம்.

யாரோ திட்டம் போட்டு மன்றத்தைக் கலைத்துவிட்டுக் கடையைத் திறந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. 2016 தேர்தல் நின்றதற்குக் காரணம் வேறு. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாத அரசுக்கு, எதிரே ஆள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வித்தியாசம் நமக்குத்தான். 2023 ஜூன் 22-இல் 5,329 கடைகளில் 500-ஐ மூடினார்கள். மன்றங்கள் எல்லாம் இருந்த காலம். எந்த 500 என்று எந்த மன்றத்தையும் கேட்கவில்லை. மூடியது நல்லதுதான். ஆனால் மூடுவதும் அவர்கள் கொடுக்கும் பரிசாகவே வருகிறது.

சரி, அப்படியானால் அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடு என்று கோஷம் போட்டுவிடலாமா? நண்பர்கள் பலர் இங்கே அவசரப்படுகிறார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பது என் கருத்து. 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியும். கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக வைக்கவில்லை என்பதற்காக அவர் மகிழ்ச்சியடைந்தார். அவர் பயந்தது எதற்கு என்பதை மதுரைப் பக்கத்து மூன்று ஊராட்சிகளும் விருதுநகர்ப் பக்கத்து ஓர் ஊராட்சியும் பத்து வருஷம் நடத்திக் காட்டின.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகாச்சியேந்தல். 1996-இல் புதிய சட்டப்படி முதல் உள்ளாட்சித் தேர்தல். இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு. ஒன்று, யாரையும் மனுத் தாக்கல் செய்யவிடவில்லை. இல்லாவிட்டால், ஊரே ஓர் ஆளை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டது. இடம் காலி. மறுபடி இடைத்தேர்தல். மறுபடி காலி. தேர்தல் ஆணையம் அறிவிப்பதும் ஊர் முறியடிப்பதுமாகப் பத்து வருஷம். மேலவளவில் அந்த அளவுக்கும் பொறுமை இல்லை. நாற்காலியில் உட்காரத் துணிந்த தலைவர் முருகேசனையும் உடன் வந்த தோழர்களையும் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பஸ்ஸை நிறுத்தி வெட்டிக் கொன்றார்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். தலைவர் பதவி காலியானால் துணைத் தலைவர் பொறுப்பைப் பார்ப்பார் என்பது சட்டம். தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு. துணைத் தலைவருக்குக் கிடையாது. ஊராட்சிக் காசோலையில் கையெழுத்து இருவரும் சேர்ந்து போட வேண்டும். ஆக, ஒதுக்கப்பட்ட நாற்காலி காலியாகும் ஒவ்வொரு முறையும் அதிகாரம் காற்றில் போவதில்லை. பக்கத்து நாற்காலிக்குப் போகிறது. காலியிடம் என்பது யாரும் இல்லாத இடம் என்று நினைப்பது நம் வெகுளித்தனம். பாப்பாபட்டி வகையறாவில் 2006 அக்டோபரில்தான் தேர்தல் முழுதாக நடந்தது. அன்றைய மதுரை ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் பல ஆண்டுகள் தெருவில் நின்றதன் பலன் அது. நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து, நான்கு தலைவர்களையும் மேடையேற்றினார் முதல்வர் கருணாநிதி.

இப்போது யோசியுங்கள். 1996-இலிருந்து 2006 வரை மதுக்கடைக்கு உரிமம் தரும் அதிகாரம் அந்த நான்கு ஊராட்சிகளிடம் இருந்திருந்தால்? கடை எங்கே போயிருக்கும்? பார் ஏலம் யார் வீட்டுத் திண்ணையில் முடிந்திருக்கும்? 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லிக் குடித்தவனுக்கு அபராதம் போடும் ஊர்கள் இன்றும் உண்டு. அபராதம் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கி, தெரு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். உட்கார்ந்த பிறகும் கதை முடிவதில்லை. 2020-இல் நமக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், தலைவர் தரையில். தலித் பெண்ணுக்கு ஒதுக்கியதை எதிர்த்து ஊர் தேர்தலைப் புறக்கணித்த நாயக்கனேரியில், 2021-இல் போட்டியின்றி வென்றவர் பதவியேற்க முடியாமல் நீதிமன்றத்துக்கு அலைந்தார். அங்கே ஆள் உண்டு, சான்றிதழ் உண்டு, நாற்காலி மட்டும் காலி.

அதனால் என் நிலைப்பாடு இது. கடை வரலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை உள்ளூர் மன்றத்துக்கு வேண்டும். ஆனால் ஒதுக்கிய இடங்கள் நிரம்பாத மன்றத்துக்கு அது இருக்கக் கூடாது. தலைவர் இடம் காலியாக இருக்கும்போது துணைத் தலைவர் கையெழுத்தில் கடைக்குச் சம்மதம் போகக் கூடாது. தனி அலுவலர் கையெழுத்தில் போகவே கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினால் அது நம் கழுத்துக்கே சுருக்கு.

இது நடக்காத கனவு என்று சொல்பவர்களுக்கு இரண்டு பக்கத்து உதாரணம். கேரளத்தில் பஞ்சாயத்து ராஜ் சட்டத்திலும் நகராட்சிச் சட்டத்திலும் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்று இருந்தது. 2017-இல் அவசரச் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். ஆமாம், அதே 2017. இருந்ததைப் பிடுங்கினார்கள் என்றால், இருக்க முடியும் என்றுதானே அர்த்தம்? மகாராஷ்டிரத்தில் இன்னொரு வழி. பெண் வாக்காளர்களில் நாலில் ஒரு பங்கு கையெழுத்திட்டுக் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு. சீட்டில் இரண்டு படம்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். கடை வேண்டாம் என்றால் படுத்த பாட்டிலுக்கு முத்திரை. ஒரு சிக்கல் உண்டு. வந்து வாக்களித்தவர்களில் பாதி போதாது; பட்டியலில் பெயருள்ளவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். செத்தவர் பெயரும் வெளியூர் போனவர் பெயரும் நிற்கும் பாட்டிலுக்கே வாக்களிப்பதாகக் கணக்கு. பூலாம்பாடி மாதிரி, மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆட்கள் போன ஊர்களில் இந்த முறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் ரகசிய வாக்கு என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். கிராம சபையில் கை தூக்கச் சொன்னால், நாளைக்குக் கூலிக்குப் போக வேண்டிய வயல்காரர் முன்னால் எந்த அம்மா கை தூக்குவார்? திரைக்குப் பின்னால் முத்திரை குத்தும்போது அந்த அம்மாவுக்கும் வயல்காரருக்கும் ஒரே அளவு முத்திரை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, நமக்கு மிகப் பக்கத்தில். 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம், ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் வாழும் பழங்குடிகளின் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் மதுவைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட ஐந்தாவது அட்டவணையில் இல்லை. பூலாம்பாடியிலிருந்து மேற்கே பார்த்தால் பச்சைமலை தெரியும். அங்கே இருக்கும் பழங்குடி மக்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது.

குடிப்பவர்களைக் குற்றவாளியாக்கி நான் இதை எழுதவில்லை. நாள் முழுக்க வெங்காயம் அறுத்துவிட்டு, மூட்டை தூக்கிவிட்டு வருபவருக்கு உடம்பு வலி உண்மை. அந்தக் கடையில் தொகுப்பூதியத்துக்கு நிற்கும் சேல்ஸ்மேன்களில் நம் பட்டதாரிப் பிள்ளைகளும் உண்டு. கடையை மூடிவிட்டுக் கள்ளச்சாராயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலும் நம் தெருக்கள். எனக்குக் குடியைவிடக் கேள்விதான் முக்கியம்: முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மனு கொடுப்பது எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன், வேறொரு மாவட்டத்தில், காலனிப் பெண்கள் பதினோரு பேரோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். ஒரு நாள் கூலி போச்சு. ரசீது கொடுத்தார்கள். மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், கடைசியில் வந்த பதில் இரண்டு வரி: கடை விதிகளுக்கு உட்பட்டே இயங்குகிறது. பொய் இல்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. அந்த அம்மாக்களில் ஒருவர் கேட்டார்: "நாம ஓட்டுப் போட்டோமே, அந்த ஆளு இதுல எங்க பாப்பா வர்றாரு?"

நம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. உடனே நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. மறுபடி தனி அலுவலர்கள். பூலாம்பாடிப் பேரூராட்சி மன்றத்துக்கு 2027 மார்ச் வரை காலம் இருக்கிறது. மன்றத்துக்குக் கடையை மூடும் அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் கருத்து சொல்லித் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்ப எந்தச் சட்டமும் தடை இல்லை. அந்தத் தாள் பதிவேட்டில் இருக்கும்.

நேற்று அந்தத் தம்பிக்குப் போன் செய்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எங்க பேரூராட்சியில எந்தெந்த வார்டு நமக்கு ஒதுக்கினதுக்கா? துணைத் தலைவர் யாரு?" என்றார். இரண்டையும் பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை போகிறார். கணக்கு வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேரையும் கூட்டிப் போகிறாராம்.